சீட்டிலே நீதி, வாசலிலே சாதி!

பழவேற்காடு என்றதும் பூநாரைகளைப் பற்றிப் பேசுவோர் உண்டு. டச்சுக்காரர் கட்டிய கோட்டையைப் பற்றியும், அவர்தம் கல்லறை வாயிலில் செதுக்கப்பட்ட எலும்புக்கூடுகளைப் பற்றியும் பேசுவோர் உண்டு. பறவைக்குப் பாராட்டு இருக்கிறது. செத்துப்போன வணிகனின் சமாதிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிக்கும் உழைப்பாளியைப் பற்றிப் பேசுவோர் மட்டுந்தான் குறைவு. அப்படிப் பேசுகிற சிலருங்கூட, ஒரு புகழுரையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றனர். "அங்கே பாடு என்றொரு முறை உண்டு, ஏரியை அடிதடியின்றிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள், என்னே நேர்மை! என்னே ஒற்றுமை!" என்கின்றனர்.

அந்தப் புகழுரையைத்தான் உரைகல்லில் தேய்த்துப் பார்க்கப் போகிறோம், தோழர்களே! தேய்ப்பது பொன்னைப் பழிப்பதற்காக அன்று. எது பொன், எது பித்தளை என்று அறிவதற்காக. ஏரிக்கரையில் நிகழும் இந்தச் சிறிய பங்கீட்டைப் புரிந்துகொண்டவன், நாட்டிலே 'வளர்ச்சி' என்ற பெயரால் நடக்கும் பெரிய பங்கீட்டையும் புரிந்துகொள்வான்.

பாடு என்பது என்ன?

பழவேற்காடு இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி வட்டத்தில். ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொணர்கின்றன. முகத்துவாரம் வழியே கடல்நீர் உள்ளே வருகிறது. கடலிலே பிறந்த இறால் குஞ்சுகள் அலையோடு ஏரிக்குள் புகுந்து, அங்கே மேய்ந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்பும் வழியில், நீரோட்டம் வலுத்த இடத்தில், கழி நட்டு வலை கட்டியவனுக்குப் பிடிப்பு அதிகம். ஆழமற்ற ஓரத்தில் நிற்பவனுக்குக் குறைவு. ஆக, ஏரி எல்லார்க்கும் ஒன்றுதான். ஏரியிலுள்ள இடங்கள் ஒன்றல்ல.

நல்ல இடம் யாருக்கு? வலுத்தவனுக்கா? வட்டிக்குப் பணம் கொடுத்தவனுக்கா? கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் இதற்குக் கண்ட விடைதான் பாடு. இடங்களைப் பிரித்தனர், உரிமையுடையோர் பெயரால் சீட்டுக் குலுக்கினர், முறை வைத்து மாற்றிக்கொண்டனர். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் நாளை மற்றோர் இடத்துக்கு நகர்வான். அங்கே நின்றவன் இங்கே வருவான். பணக்காரனா, பாட்டாளியா என்று சீட்டு பார்ப்பதில்லை. ஊர்த்தலைவனின் மகன் என்பதற்காகத் துண்டுக் காகிதம் தலைவணங்குவதும் இல்லை.

இதை எளிதாக எண்ணிவிட வேண்டா. 1968-ஆம் ஆண்டு காரெட் ஹார்டின் என்னும் அமெரிக்கர் ஒரு கட்டுரை எழுதினார். பொதுவிலே கிடக்கும் எதுவும் பாழாகும் என்றார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் மாட்டை ஒன்று கூட்டிக்கொண்டே போவான். கடைசியில் புல்லும் இராது, மாடும் இராது என்றார். தனியுடைமையாக்கு, அல்லது அரசின் கையில் கொடு என்பது அவர் வாதத்தின் சாரம். உலகெங்கும் அதை வேதவாக்காகக் கொண்டோர் பலர். ஹார்டினின் கட்டுரையைக் கண்டிராத நம் குப்பத்து மீனவன், அதை வாழ்க்கையாலேயே மறுத்துக்கொண்டிருந்தான்! பொதுவைப் பொதுவாகவே வைத்துக் காக்க முடியும் என்று வலையைக் கட்டிக் காட்டினான்.

எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் இத்தகைய சான்றுகளை உலகெங்கிலுமிருந்து திரட்டி, 1990-இல் நூலாக்கினார். துருக்கி நாட்டின் அலன்யா கடற்கரையில், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் மீனவர் பெயர்களைப் பட்டியலிட்டு, சீட்டெடுத்து, நாளுக்கு ஓர் இடமாக நகர்ந்து மீன்பிடிக்கும் முறையை அதில் விளக்கினார். நம் பாட்டுக்கு உடன்பிறந்த முறை அது. 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அத்துறையில் அப்பரிசு பெற்ற முதற்பெண் அவரே. உழைக்கும் மக்களுக்குத் தம் வாழ்வைத் தாமே ஒழுங்குசெய்துகொள்ளும் அறிவு உண்டு என்பதை ஆய்வுலகம் ஏற்க வைத்தவர் அவர். அந்த அளவில் அவருக்கு நம் வணக்கம்.

ஆனால், அவர் வகுத்துரைத்த நெறிகளுள் முதலாவது எது தெரியுமா? எல்லை தெளிவாக இருக்க வேண்டும் என்பது. யார் உள்ளே, யார் வெளியே என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும் என்பது. நம் வினா இங்கேதான் பிறக்கிறது.

தெளிவான எல்லை! இந்த நாட்டிலே சாதியைவிடத் தெளிவான எல்லை வேறு எது?

சீட்டில் இல்லாத பெயர்கள்

பாட்டில் பங்கு பெறுவோர் யார்? அந்த ஊர்களின் பட்டினவர் குடும்பங்கள். பிறப்பால் அச்சாதி, குடும்பத்துக்கு ஒரு தலைக்கட்டு, அந்தத் தலைக்கட்டு ஆண். ஏரியின் உரிமையமைப்பை ஆராய்ந்தோர் இதைப் பதிந்து வைத்துள்ளனர். 2008-இல் சாரா கூல்தார்டு என்னும் ஆய்வாளர், ஏரி நலியும் காலத்தில் யாரால் வேறு வழி தேட முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதற்கு இந்தச் சாதிவழி உரிமையும் ஒரு காரணம் என்று எடுத்துக்காட்டினார்.

வெளியே நிற்போர் யார்? அதே ஏரியை நம்பி வலை எடுத்த ஆதிதிராவிட மீனவர். அவர்களுக்கும் படகு ஓட்டத் தெரியும். அவர்கள் வலையிலும் மீன் விழும். அவர்கள் குழந்தைக்கும் பசிக்கும். முகத்துவாரத்து நல்ல இடங்களுக்கு நடக்கும் குலுக்கலில் மட்டும் அவர்கள் பெயர் இராது.

வெளியே நிற்போர் இன்னும் யார்? இருளர். படகில்லை, வலையில்லை, பனையோலையால் முடைந்த சிறு கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் அமர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கின்றனர் இருளப் பெண்கள். முள் குத்தும், சிப்பி கிழிக்கும். மணிக்கணக்கில் உவர்நீரில் ஊறிய விரல்களுக்கு மறுநாளும் விடுப்பில்லை. அரசின் பட்டியலில் அவர்கள் மிகவும் நலிந்த பழங்குடியினர். ஏரியின் பட்டியலிலோ அவர்கள் யாருமே அல்லர்.

வெளியே நிற்போர் இன்னும் யார்? பட்டினவர் வீட்டுப் பெண்களே! கரைக்கு வந்த மீனை ஏலத்தில் எடுத்து, தலையில் சுமந்து, தெருத்தெருவாய் விற்று, அன்றைய அரிசியை வீட்டுக்குக் கொண்டுவருபவள் அவள். வலையில் விழுந்த மீனைக் காசாக்குபவள் அவள். காசைச் சோறாக்குபவளும் அவள். தலைக்கட்டு என்ற சொல்லுக்குள் அவள் தலை இல்லை. தலையிலே கூடை மட்டுந்தான்!

பாடு என்றால் மீனவர் வழக்கில் மீன்பிடிக்கும் முறை. பாடு என்றால் நம் பேச்சு வழக்கில் உழைப்பு, துன்பமும் அதுதான். ஒரு சாராருக்கு முதற்பொருள். மற்றவர்க்கெல்லாம் மீதமிருக்கும் பொருள்கள்!

ஆக, புகழுரையைச் சற்றே திருத்தி எழுதுவோம்: பாடு நேர்மையானது, உள்ளே இருப்பவர்களுக்கு. சீட்டுக்குக் கண் இல்லை; உண்மை. ஆனால் சீட்டுக்குள் எந்தப் பெயரை எழுதுவது என்று முடிவு செய்தவனுக்குக் கண் இருந்தது. அது சாதி பார்த்தது, ஆணா பெண்ணா என்று பார்த்தது. எல்லாம் பார்த்து முடித்த பிறகு, "இனி யாரையும் பார்க்காமல் குலுக்குவோம்" என்றது!

குடத்துக்குள் விழாத ஓலைகள்

இந்தத் தந்திரம் பழவேற்காட்டு மீனவன் கண்டுபிடித்ததன்று. அவனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அவனைவிட வலியவர் வகுத்தது.

பள்ளிப் புத்தகத்திலே நாம் பெருமையோடு படித்தோமே, உத்திரமேரூர்க் கல்வெட்டு! முதலாம் பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியது என்பர். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஏதும் அறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். "பாருங்கள், பத்தாம் நூற்றாண்டிலேயே தமிழகத்தில் மக்களாட்சி!" என்று மேடைதோறும் முழங்குகின்றனர். வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பாடத்தை நானும் ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஆனால், கல்வெட்டை முழுமையாக நடத்துகிறேன்.

யார் பெயர் ஓலையில் ஏறும்? கால்வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் உடையவன். சொந்த மனையில் வீடு கட்டியவன். வேதமும் மந்திரப் பிராமணமும் கற்றவன். வேதத்தை மிகுதியும் கற்றவனாயின், நிலத்திலே சற்றுச் சலுகை கூட உண்டு! அந்த நிலத்தை உழுதவன் பெயர் ஓலையில் இல்லை. அந்த ஓலையைப் பனையேறி வெட்டிக் கொடுத்தவன் பெயர் இல்லை. குடத்தைச் சுட்டுக் கொடுத்த குயவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டா. கையைவிட்டு எடுத்த சிறுவனுக்கு ஒன்றும் தெரியாது; குடத்தை வைத்தவர்களுக்கோ எல்லாம் தெரியும்!

கிரேக்கத்துக்குப் போவோம். ஏதென்சு நகரத்தார் அலுவலர்களையும் நடுவர்களையும் சீட்டெடுத்துத் தேர்ந்தனர்; அதற்கென்று கல்லிலே பொறியமைத்தனர். குடிமகனுக்குக் குடிமகன் சமம் என்றனர். குடிமகன் யார்? பெண் அல்லள், அயலான் அல்லன், அடிமை அல்லன். லாரியம் வெள்ளிச் சுரங்கத்தின் இருட்டிலே அடிமைகள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, வெளிச்சத்திலே சமத்துவம் சீட்டெடுத்துக்கொண்டிருந்தது.

உத்திரமேரூரின் குடம், ஏதென்சின் கற்பொறி, பழவேற்காட்டின் பாடு. காலம் வேறு, நாடு வேறு, கதை ஒன்று. முறையிலே நீதியைக் காட்டி, வாசலிலே அநீதியை மறைக்கும் கதை. எந்தப் பங்கீட்டைக் கண்டாலும் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "எப்படிக் குலுக்கினீர்கள்?" என்பதன்று. "குலுக்குவதற்கு முன்னால் யாரை வெளியே அனுப்பினீர்கள்?" என்பதே!

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்கே நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். "ஏரி சிறுத்துவருகிறது; முகத்துவாரம் தூர்ந்துபோகிறது; மீன் குறைகிறது. எல்லாரையும் உள்ளே விட்டால் யாருக்கும் ஒன்றும் மிஞ்சாது. எல்லை இருப்பதால்தானே ஏரி இருக்கிறது? மேலும், பட்டினவர் என்ன சீமான்களா? அவர்களே ஏழைகள், அவர்களிடம் போய் நீதி கேட்பதா?" என்பார்.

மறுப்பில் பாதி உண்மை. எல்லை வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். ஆயிரம் வலை தாங்கும் நீரில் பத்தாயிரம் வலை கட்ட முடியாது. ஆனால், எத்தனை வலை என்பது ஏரி சொல்லும் கணக்கு. யாருடைய வலை என்பது சாதி சொல்லும் கணக்கு. முதற்கணக்குக்காக இரண்டாவதை ஏன் ஏற்க வேண்டும்? ஏரியை நம்பி வாழ்பவனா, ஏரிக்கரையில் குடியிருப்பவனா, மீன்குஞ்சுகளை விட்டுப் பிடிக்கும் ஒழுங்குக்குக் கட்டுப்படுபவனா என்று கேட்டு எல்லை வகுக்கலாமே! எந்த வயிற்றில் பிறந்தாய் என்று கேட்டால்தான் இறால் பெருகுமா? இறாலுக்குக் குலம் தெரியுமா, கோத்திரம் தெரியுமா?

பட்டினவர் ஏழைகள் என்பதும் உண்மை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுத்தாக வேண்டும். அவன் சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். கடனுக்காகப் பிடித்து, பிடித்ததைக் கடனுக்கே அளக்கும் வாழ்க்கை அது. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஆனால், ஏணிப்படியில் நிற்பவன் மேலே இருப்பவனின் காலை மட்டும் பார்த்தால் போதாது. தன் கால் யார் தோளில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். மேலிருப்பவன் நம்மை மிதிக்கிறான் என்ற வேதனையே, கீழிருப்பவனை நாம் மிதிப்பதற்கான உரிமைச்சீட்டு ஆகிவிடாது. படிக்குப் படி மனிதனைப் பிரித்து வைத்து, கீழ்ப்படிக்காரனைக் காட்டி மேற்படிக்காரனை மகிழ வைப்பதுதானே சாதியின் சூழ்ச்சி!

பெரிய வலை

இப்போது குப்பத்திலிருந்து சற்றுத் தெற்கே திரும்புவோம். ஏரிக்குள் நடப்பது சிறிய குலுக்கல். ஏரியையே எடுத்துக் குலுக்கும் பெரிய கைகள் அங்கே இருக்கின்றன.

பெரிய கைகள் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்கள் வாணிகத்தின் தலைமையிடமாக, 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, பழவேற்காடே விளங்கியது. துணி ஏற்றினர், கூடவே மனிதர்களையும் ஏற்றினர். பஞ்சத்தில் அடிபட்டுத் தம்மையே விற்றுக்கொண்ட ஏழைத் தமிழர்கள் பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டனர். அக்காலத்திலும் அதற்கு வாணிக வளர்ச்சி என்றே பெயர்.

அக்கொடுமையை இன்றைய தொழில்களோடு ஒன்றாக்கிக் காட்டுவது நம் எண்ணமன்று. தொழில் வேண்டும், துறைமுகம் வேண்டும், மின்சாரம் வேண்டும். பகுத்தறிவாளன் பொறிக்குப் பகைவன் அல்லன். நாம் கேட்பது ஒன்றே: பயன் ஒரு பக்கமும் பழுது ஒரு பக்கமும் போய்ச் சேருவதற்குப் பெயர் வளர்ச்சியா?

தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் பெருகின. அயல்நாட்டு மேசைக்கு இறால். அந்நாட்டுப் பணம் முதலாளிக்கு. உப்பேறிய நிலமும் கெட்ட குடிநீரும் ஊருக்கு. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் அமைந்த பண்ணைகளை அகற்ற ஆணையிட்டது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கலாகாது என்றும் சொன்னது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் வலியுறுத்தியது. ஏரியின் பெயர் நாட்டின் உயர்ந்த மன்றத்திலே ஒலித்த நாள் அது.

பிறகு வந்தவை இன்னும் பெரியவை. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் இயங்கத் தொடங்கியது; எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எழுந்த துறைமுகம் 2018-இல் அதானி நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரித்து, ஆண்டுக்கு 2.46 கோடி டன்னாக இருந்த சரக்கு ஏற்றும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்தும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் கடலைத் தூர்த்து எடுக்கும் நிலமும் அடங்கும்.

மீனவர் ஏன் எதிர்த்தனர்? மூட நம்பிக்கையாலா? இல்லை, அறிவியலால்! நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. குறுக்கே சுவர் எழுப்பினால், தெற்கே மணல் குவியும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின் மெரினா அகன்றதும், இராயபுரம் முதல் வடக்கே கரை அரிக்கப்பட்டதும் ஊரறிந்த செய்தி. ஒரே சுவர், தென்புறத்தில் உலாவ மணல்வெளி, வடபுறத்தில் வீட்டை விழுங்கும் கடல்! காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது எது? ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டும், பழவேற்காடும்.

2006-ஆம் ஆண்டின் அறிவிக்கை, இத்தகைய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்கிறது. காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பட்ட கூட்டங்கள் எதிர்ப்பின் நடுவே தள்ளிவைக்கப்பட்டன. மக்கள் வாய் திறந்ததால் நேர்ந்தது அது. ஆனால் அந்த அறிவிக்கையையும் வாசலில் நின்று படித்துப் பாருங்கள். திட்ட அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருந்தால் போதும் என்கிறது. ஏரியை இழக்கப் போகிறவனுக்குச் சுருக்கம். அவனுக்காகப் பேச வரும் ஆங்கிலம் கற்றவனுக்கு முழு அறிக்கை! கருத்தைக் கேட்கிறார்கள், கருத்துச் சொல்லப் படிக்க வேண்டியதைப் பூட்டி வைத்துவிட்டுக் கேட்கிறார்கள்.

இரண்டு விழுக்காட்டு அறம்

"அப்படியெல்லாம் சொல்லாதீர்கள். தொழில் நிறுவனங்களுக்கும் சமூகப் பொறுப்பு உண்டு என்று சட்டமே இருக்கிறது" என்பார் அந்த நண்பர். இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர ஆதாயம் 5 கோடி உடைய நிறுவனங்கள், முந்திய மூன்றாண்டுச் சராசரி ஆதாயத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பள்ளிக்குக் கட்டடம் வரலாம், மருத்துவ முகாம் வரலாம். வரட்டும்; வேண்டாம் என்போம் அல்லோம்.

ஆனால் கணக்கை உற்றுப் பாருங்கள், தோழர்களே! இரண்டு விழுக்காடு எதிலே? ஆதாயத்திலே. ஆதாயம் எப்படி வந்தது? செலவைக் கழித்து வந்தது. கழிக்கப்பட்ட செலவில் நிலக்கரி விலை உண்டு, இரும்பு விலை உண்டு, மேலாளர் ஊதியம் உண்டு. ஓர் இருளப் பெண் இழந்த இறாலின் விலை உண்டா? சாம்பல் படிந்த ஆற்றின் விலை உண்டா? அந்தச் செலவை ஏட்டில் ஏற்றவில்லை. ஏற்றாததால் ஆதாயம் பெருத்தது. பெருத்த ஆதாயத்தில் இரண்டு விழுக்காட்டை அதே பெண்ணிடம் கொடுத்து, கைகூப்பச் சொல்வதா? அவளிடமிருந்து எடுத்ததில் ஒரு சிட்டிகையை அவளுக்கே ஈயும் இந்த வள்ளன்மைக்கு அறம் என்று பெயரிடலாமா? அறம் வணிகத்தின் கடைசி ஏட்டில் எழுதும் அன்பளிப்பு அன்று. முதல் ஏட்டிலேயே எழுத வேண்டிய கடன் அது.

பதினோராம் ஐந்தாண்டுத் திட்டம், 2007 முதல் 2012 வரை, 'எல்லாரையும் உள்ளடக்கிய வளர்ச்சி' என்று முழங்கியது. இனிய சொல்தான். ஆனால், உள்ளடக்குபவன் யார், அடங்குபவன் யார் என்ற கேள்வியை அந்தச் சொல் கேட்பதில்லை. வீட்டைத் தனதாக்கிக்கொண்டவன் திண்ணையில் இடம் கொடுத்துவிட்டு, "உன்னையும் உள்ளடக்கிவிட்டேன்" என்றால் ஏற்போமா?

கைக்குக் கணக்கு உண்டா?

சிறிய குலுக்கலும் பெரிய குலுக்கலும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது இழப்பீடு.

நாளை ஒரு திட்டத்தால் ஏரி நலிகிறது என்று வையுங்கள். அலுவலர் வருகிறார், நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கேட்பார்? பட்டா இருக்கிறதா? படகுப் பதிவு இருக்கிறதா? சங்க உறுப்பினர் அட்டை இருக்கிறதா? ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறதா? பட்டியல் யார் கையில்? பாட்டின் தலைக்கட்டுப் பட்டியல் வைத்திருப்போர் கையில். அதில் இல்லாதவன், அரசின் ஏட்டிலும் இல்லாதவன் ஆவான். படகை இழந்தவன் படகைக் காட்டுவான். வலையை இழந்தவன் வலையைக் காட்டுவான். கையாலேயே இறால் பிடித்தவள் எதைக் காட்டுவாள்? பத்து விரலையும் விரித்துக் காட்டுவாள். அதற்கு எந்தப் படிவத்திலே கட்டம் போட்டிருக்கிறார்கள்?

ஊர் போட்ட பழைய வேலி, முதலாளி போடும் புதிய வேலிக்குக் கழியாகிறது. வெளியே தள்ளப்பட்டவனை மீண்டும் ஒரு முறை வெளியே தள்ள யாரும் உழைக்க வேண்டியதில்லை. அவன் ஏற்கெனவே வெளியேதான் நிற்கிறான்! ஆகவேதான் சொல்கிறோம்: துறைமுகத்தை எதிர்த்துக் குரல் எழுப்பும் குப்பம், தன் குலுக்கலையும் திறந்து வைக்க வேண்டும். தனக்கு வேண்டிய நீதியைப் பிறர்க்கு மறுக்கும் ஊரைப் பிரிப்பது ஆதிக்கக்காரர்க்கு எளிது. பட்டினவரும், ஆதிதிராவிடரும், இருளரும், இசுலாமியரும், தெலுங்கு பேசும் மீனவரும் ஒரே பட்டியலில் நிற்கும் ஏரிக்கரையைப் பிரிப்பது எளிதன்று.

என்ன செய்வது?

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பொதுமக்கள் பயன்பாட்டுக்குரிய கிணறுகளையும் குளங்களையும் எவரும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என்கிறது. 39-ஆம் பிரிவு, சமுதாயத்தின் பொருள் வளங்கள் பொதுநன்மைக்கு உகந்தவாறு பங்கிடப்பட வேண்டும் என்று அரசுக்கு வழி காட்டுகிறது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளினார். குளத்தைத் திறந்துவிடலாம் என்று சட்டமன்றத் தீர்மானம் 1923-லேயே இருந்தது; காகிதத்தில் இருந்தது. அதைத் தண்ணீரில் எழுதிக் காட்ட நான்காண்டு கழித்து ஒரு கை தேவைப்பட்டது. குடிக்கும் நீருக்குப் பொருந்திய அறம், பிழைக்கும் நீருக்குப் பொருந்தாதா?

ஆகவே கேட்கிறோம். பாட்டை ஒழிக்க அன்று, விரிக்கக் கேட்கிறோம். குலுக்கல் இருக்கட்டும், முறைமாற்றம் இருக்கட்டும், ஊரே கூடி முடிவெடுக்கும் வழக்கமும் இருக்கட்டும். அவை உழைப்பாளியின் அறிவு பெற்ற செல்வங்கள். பட்டியல் மட்டும் பிறப்பால் அமையாது, ஏரியை நம்பிய பிழைப்பால் அமையட்டும். தலைக்கட்டில் பெண்ணின் பெயரும் ஏறட்டும். கையால் பிடிப்போருக்கென்று ஆழமற்ற நீர்ப்பரப்பு ஒதுக்கப்பட்டு, அங்கே வலை கட்டாதிருக்க ஊர் ஒப்புக்கொள்ளட்டும். அரசு, படகையும் வலையையும் மட்டும் எண்ணாமல் உழைக்கும் கைகளை எண்ணி ஒரு பதிவேடு செய்யட்டும். எந்தத் திட்டத்தின் அறிக்கையும் முழுமையாகத் தமிழில், ஏரிக்கரையில் தெலுங்கிலும், படிக்கத் தெரியாதவர்க்கு வாய்மொழியாக எடுத்துரைக்கப்பட்ட பின்னரே கருத்துக் கேட்கப்படட்டும்.

இளைஞர்களே! மன்றத்தில் கூடிப் பேசும் நீங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இதைத் தொடங்கலாம். உங்கள் ஊரில் ஏரி இல்லாமல் இருக்கலாம். ஆனால் குளத்து மீன் ஏலம் இருக்கும், கூட்டுறவுச் சங்கம் இருக்கும், சந்தைக் குத்தகை இருக்கும். ஏதோ ஒரு பட்டியல் எங்கேனும் ஓர் அலமாரியில் இருக்கும். அந்தப் பட்டியலை வாங்கிப் படியுங்கள். அதிலுள்ள பெயர்களை எண்ணுங்கள். பிறகு தெருவிலே நடந்து, அதில் இல்லாத பெயர்களை எழுதுங்கள். இரண்டாவது பட்டியல் முதலாவதைவிட நீளமாக இருந்தால் வியப்படைய வேண்டா. வேலை தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள்.

நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வகுத்தனர் பண்டைத் தமிழர். தலைவன் வாராமைக்காகத் தலைவி இரங்கினாள், அது இலக்கியம். தன் பெயர் பட்டியலில் வாராமைக்காக ஒருத்தி ஆண்டாண்டாய் இரங்கிக்கொண்டிருக்கிறாளே, அது இலக்கியம் அன்று, இழிவு. அவள் இரக்கம் கேட்கவில்லை. இரண்டு விழுக்காடும் கேட்கவில்லை. சீட்டிலே தன் பெயரை எழுதச் சொல்கிறாள். எழுதிய பிறகு குலுக்குங்கள். அப்போது விழுவது எந்தச் சீட்டாயினும், அதை நீதி என்று சொல்ல நாமும் தயங்க மாட்டோம்!